அவியலின் எட்டுப் பாட்டுகள்: ஒரு மலையாள ராக் குழு கரைந்த கதை

2008-இல் மும்பையின் ஃபாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ஓர் ஆல்பம் வெளியிட்டது. குழுவின் பெயர் அவியல். ஆல்பத்தின் பெயரும் அதுதான். மொத்தம் எட்டுப் பாட்டுகள். முறுக்கேறிய கிட்டார், கனத்த பேஸ், டிரம்ஸ், டேர்ன்டேபிளில் தட்டைத் தேய்த்து எழுப்பும் கீறல் ஒலி ஆகியவற்றுக்கு மேலே மலையாளக் குரல். திருவனந்தபுரத்தில் 2003-இல் உருவான இந்தக் குழு, ஐந்து ஆண்டுகள் மேடைகளில் வளர்த்த பாட்டுகளை அந்தத் தட்டில் பதித்திருந்தது. அடுத்த பத்தாண்டில் அவர்களிடமிருந்து இன்னொரு முழு ஆல்பம் வரவில்லை. ஆனால் அதே பத்தாண்டில் வந்த முக்கியமான மலையாளப் படங்களைக் கண்ணை மூடிக் கேட்டால், அந்த எட்டுப் பாட்டுகளின் ஓசை மறுபடி மறுபடி காதில் விழும்.

ராக் குழுக்கள் பிரிவதைச் சண்டையாகவும் துரோகமாகவும் சொல்வதே வழக்கம். பீட்டில்ஸ் கதையே அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தது. கேரளத்தில் நடந்தது வேறு. அங்கே குழுக்களைப் பெரும்பாலும் சினிமா உள்வாங்கிக்கொண்டது. அதில் சினிமா பெற்றது மிக அதிகம் என்பது என் கருத்து. குழு என்கிற அமைப்புக்கு அதில் மிஞ்சியது குறைவு.

அவியலுக்கு முன்பும் கேரளத்தில் ராக் இருந்தது. 1977-இல் கொச்சியில் தொடங்கிய 13 ஏ.டி. குழு சீலார்ட் ஹோட்டலில் வாசித்துப் பெயரெடுத்தது; 1990-இல் ‘கிரவுண்ட் ஜீரோ’ என்று சொந்தப் பாட்டுகளோடு ஆல்பமே போட்டது. கப்பல்கள் வந்துபோகும் நகரம், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், தேவாலயத்தில் கற்ற கிட்டாரும் கூட்டுப்பாடலும், வளைகுடாவிலிருந்து பெட்டியில் வந்திறங்கிய கேசட்டுகள் என்று எல்லாம் சேர்ந்த மண்ணில் ராக் ஆங்கிலத்தில் முளைத்தது இயல்பு. 1996-இல் அதே நகரில் உருவான மதர்ஜேனும் ஆங்கிலத்திலேயே பாடியது. மதர்ஜேனின் கிட்டார் கலைஞர் பைஜு தர்மஜன் கமகங்களைக் கம்பியில் இழுத்து வாசித்த விதம் தென்னிந்தியக் காதுக்கு உடனே பிடிபடும். ஆனாலும் அதன் மேல் நின்ற சொற்கள் ஆங்கிலம். இசை ஊருக்கு வந்துவிட்டது. மொழி இன்னும் வரவில்லை. பல நல்ல குழுக்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

அவியலின் கிட்டார் கலைஞர் ரெக்ஸ் விஜயன் முன்பு மதர்ஜேனில் இருந்தவர். ஆங்கில ராக்கின் உள்ளேயிருந்து வந்த ஒருவர்தான் மலையாளத்துக்குத் திரும்பினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘நட நட’ என்ற முதல் பாட்டு வீடியோவாகவே பரவியது. தென்னிந்தியாவில் எஸ்.எஸ். மியூசிக் போன்ற இசைச் சேனல்கள் இளைஞர்களை டிவி முன் உட்காரவைத்த காலம் அது. அந்தப் பாட்டில் பாடியவர் ஆனந்தராஜ் பெஞ்சமின் பால். பிறகு அவர் விலகினார். டேர்ன்டேபிளில் இருந்த டோனி ஜான் பாடகராகவும் ஆனார். டிரம்ஸில் மிதுன் புத்தன்வீட்டில். பேஸ் கிட்டாரில் நரேஷ் காமத். அவர் மும்பையில் கைலாஷ் கேரின் கைலாசா குழுவிலும் வாசித்தவர். ஒரே குழுவின் கால்கள் திருவனந்தபுரத்திலும் மும்பையிலும் ஊன்றியிருந்தன. பயிற்சிக்கு ஒன்றுகூடுவதே ஒரு வேலையாக இருந்திருக்கும்.

திருவனந்தபுரம் இந்த முயற்சிக்கு எளிதில் இடம் தரக்கூடிய ஊராகத் தோன்றாது. சுவாதித் திருநாள் பெயரில் இசைக் கல்லூரி, அரண்மனையை ஒட்டி நவராத்திரி மண்டபக் கச்சேரிகள், 1980-இல் யேசுதாஸ் தொடங்கிய தரங்கிணி ஒலிப்பதிவுக்கூடம் ஆகியவைதான் அந்த ஊர் இசையின் அடையாளங்கள். அங்கிருந்து கிளம்பும் ராக் குழு ஒரு கிருதியை எடுத்து டிரம்ஸ் சேர்த்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அப்படிச் சேர்த்த குழுக்கள் தெற்கெங்கும் ஏராளம். பெரும்பாலானவற்றில் வயலினும் டிரம்ஸும் மாறி மாறி வேகம் காட்டுவதோடு கதை முடிந்துவிடும். அவியல் அந்தப் பக்கம் போகவில்லை. அது போன இடம், சாதியையும் சடங்கையும் கேள்வி கேட்ட கேரளத் துறவி ஸ்ரீநாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. ஆல்பத்தில் ‘ஆடு பாம்பே’ என்ற பெயரில் இருப்பது அதுவே.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பாம்பை முன்னிலைப்படுத்தி ‘ஆடு’ என்று ஏவும் இந்த வடிவம் நமக்குப் பாம்பாட்டிச் சித்தர் வழியாகத் தெரிந்தது. மூலாதாரத்தில் சுருண்டு கிடக்கும் குண்டலினியைப் பாம்பாகக் கண்டு, அதைப் பாம்பாட்டியின் மொழியில் அழைப்பது சித்தர் மரபு. நாராயண குரு தமிழில் தேர்ந்தவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் எழுதியவர், திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் ஆக்கியவர். திருவனந்தபுரத்துத் தைக்காட்டில் வாழ்ந்த தமிழரான அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர். கன்னியாகுமரிக்கு அருகே மருத்துவாமலையில் தவமிருந்தவர். 1956 நவம்பர் வரை அந்த மலையும் திருவிதாங்கூர்ப் பகுதியில்தான் இருந்தது. குரு எல்லை எதையும் கடக்க வேண்டியிருக்கவில்லை.

நிலத்தைப் பார்த்தாலும் இந்தத் தமிழ்த் தொடர்பு விளங்கும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போய், கல்லாற்றைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர். அடிவாரக் காடுகளில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. மேகம் விலகும் நேரத்தில் மேலே நின்று தென்கிழக்கே பார்த்தால் அகத்தியர் மலைத் தொடர்; அதற்கு அப்பால் தாமிரபரணி இறங்கும் திருநெல்வேலிச் சீமை. சித்தர் கதைகளும் மருந்துச் செடிகளின் பெயர்களும் பாட்டுகளும் இந்த மலைத் தொடரின் இரு பக்கமும் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. அடிவாரத்தில் இருக்கும் தலைநகரத்தில் ஒரு ராக் குழு பாம்பைப் பார்த்து ஆடு என்று பாடியபோது, நமக்கும் சொந்தமான ஒரு மரபு மின்சாரக் கிட்டாரில் ஏறியது. தமிழில் இதை எழுதத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

அந்தத் தேர்வு இசையாகவும் ஏன் பலித்தது? ராக்கின் உயிர், திரும்பத் திரும்ப வரும் சிறிய கிட்டார்த் துணுக்கில் இருக்கிறது. வாசிப்பவர்கள் அதை ரிஃப் என்பார்கள். அது வளர்ந்துகொண்டே போகாது. அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஒவ்வொரு வருகையிலும் எடை கூடும். கிருதியின் நடை இதற்கு நேர்மாறு. சங்கதி மேல் சங்கதியாக விரிவதே அதன் அழகு. ரிஃபுக்குள் அடைத்தால் மூச்சு முட்டும். சித்தர் பாட்டுக்கோ எலும்புக்கூடே வேறு. கண்ணிக்குக் கண்ணி பல்லவி ஏவலாகத் திரும்பி வருகிறது, ஒவ்வொரு கண்ணியும் அதன் மேல் ஒரு படி ஏற்றுகிறது. குரு எழுதியபோதே அந்தப் பாட்டின் எலும்பு ரிஃபுக்குப் பொருந்தும் வாகில் அமைந்துவிட்டது.

அடுத்தது ஒலி. ஆங்கில ராக் பாடகர் நெட்டுயிரை இழுத்து உயர்த்தி அதில் உணர்ச்சியை ஏற்றுவார். ‘ஆடு’, ‘நட’ போன்ற சொற்களில் உயிரை அப்படி இழுக்க முடியாதபடி டகரம் நாவை மேலண்ணத்தில் மோதவைத்து நிறுத்துகிறது. அந்த நிறுத்தம் டிரம்ஸின் அடியோடு சேர்ந்து விழும்போது சொல்லே தாளக்கருவியாகிறது. மலையாளத்திலும் தமிழிலும் ராக் பாட வராது, வல்லினம் இடிக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இடிக்கிறது என்பது உண்மைதான். ராக் அந்த இடியின் மேல்தான் நிற்கிறது என்பதை இந்தக் குழு செய்து காட்டியது. ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளிலும் இதே நடை. ‘செக்கேலெ’, ‘கருகாரே’ ஆகியவற்றில் நாட்டுப்புறப் பாட்டின் அழைப்பும் ஏற்பும் அப்படியே ராக்கின் கூட்டுக்குரலாக மாறுகின்றன. மேடையில் ஒருவர் அழைக்க, கீழே நிற்கும் கல்லூரிக் கூட்டம் தன் தாய்மொழியில் ஏற்றுப் பாடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு ஆங்கில ராக் பாட்டுகள் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். ஆனால் மனப்பாடமாகத் தெரிவதும் தாய்மொழியில் ஏற்றுப் பாடுவதும் ஒன்றாகுமா?

ஃபாட் ஃபிஷ் இந்த ஆல்பத்தைப் போட்டதற்கும் ஒரு முன்கதை உண்டு. 2004-இல் ரப்பி ஷெர்கிலின் முதல் ஆல்பத்தை வெளியிட்டதும் அதே நிறுவனம். பஞ்சாபிச் சூஃபிக் கவி புல்லே ஷாவின் பாட்டை ராக் கிட்டாரோடு பாடி நாடெங்கும் புகழ்பெற்றவர் ரப்பி. வடக்கே சூஃபி, தெற்கே நாராயண குரு. சாதியையும் சடங்கையும் கேள்வி கேட்ட பழைய பாட்டுகளில் ராக்குக்கான கோபமும் தனிமையும் ஆயத்தமாக இருந்தன. ரப்பியும் அவியலும் அதைத் தனித்தனியே கண்டுகொண்டார்கள்.

இனி கரைவு. மூன்றாண்டு கழித்து, 2011-இல் ஆஷிக் அபுவின் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படம் வந்தது. பிஜிபால் இசையமைத்த படம். அதில் அவியலின் ‘ஆனக்கள்ளன்’ பாட்டும் இடம்பெற்றது. உணவைச் சுற்றி நடக்கும் காதல் கதைக்கு ஓர் உணவின் பெயரையே கொண்ட குழு பாடியது பொருத்தமாகவும் அமைந்தது. பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ஆல்பத்தைக் கேட்காதவர்களும் குழுவின் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். அதே ஆண்டில் சமீர் தாஹிரின் ‘சாப்பா குரிசு’ படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். தொலைந்துபோன ஒரு செல்போனைச் சுற்றி நகரும் கதை. நாயகன், நாயகி, தோட்டம், மரம் எதுவும் அதில் இல்லை. பழைய மலையாளப் பட இசையின் மென்மை அந்தக் கதைக்கு ஒத்துவராது. பதற்றத்தை அடக்கிவைத்திருக்கும் ஒலி வேண்டியிருந்தது. ராக் கிட்டாருக்கும் சிந்தசைசருக்கும் அது கைவந்த வேலை.

‘புதிய தலைமுறைப் படங்கள்’ என்று மலையாளத்தில் அப்போது பேசப்பட்ட அலைக்கு அவியலின் ஓசை பின்னணியாக அமைந்தது தற்செயலாக நடக்கவில்லை. படம் எடுத்தவர்களும் குழுவில் வாசித்தவர்களும் ஒரே வயதினர். ஒரே சேனல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2013-இல் சமீர் தாஹிரே இயக்கிய ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’யில் இரண்டு நண்பர்கள் கேரளத்திலிருந்து நாகாலாந்து வரை பைக்கில் போகிறார்கள். அந்தப் படத்திலிருந்து ரெக்ஸின் இசையை எடுத்துவிட்டால் பயணமே நின்றுவிடும். பிறகு 2017-இல் ‘பறவ’, ‘மாயாநதி’. 2018-இல் ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’. மாயாநதியில் ஷஹபாஸ் அமான் பாடிய ‘மிழியில் நின்னும்’ பாட்டு அவருக்குக் கேரள அரசின் சிறந்த பாடகர் விருதைப் பெற்றுத் தந்தது. கஸல் பாடும் ஒரு குரலை, ராக் மேடையில் வளர்ந்த ஒருவர் கிட்டாரின் மெல்லிய அலை மேல் மிதக்கவிட்டார். 2008-இன் முறுக்கு அதில் தெரியாது. ஆனால் இடைவெளி விட்டு வாசிக்கும் அந்தப் பொறுமை, ஒரே துணுக்கை நம்பித் திரும்பத் திரும்ப வரும் துணிச்சல் எல்லாம் குழுவில் கற்றவை.

இந்த வரிசை ஒரு தனிமனிதரின் ஏற்றத்தைச் சொல்கிறது. டைட்டில் கார்டில் இசையமைப்பாளருக்கு ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். குழு என்று நான்கு பேரை எழுத அந்தத் தொழிலுக்குப் பழக்கமில்லை. படத்துக்கு முன்பணம் உண்டு, கெடு உண்டு, வெளியீட்டு நாள் உண்டு. குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு இவற்றில் எதுவும் கிடையாது. போதாததற்கு, ஆல்பம் வந்த காலத்திலேயே சி.டி. விற்பனை சரிந்துகொண்டிருந்தது, பாட்டு செல்போனுக்குள் இலவசமாக ஏறத் தொடங்கியிருந்தது. வருமானம் என்பது கல்லூரி விழாக்களும் நிறுவன நிகழ்ச்சிகளும்தான். அந்த மேடைகளில் கூட்டம் கேட்பது ஏற்கெனவே தெரிந்த பாட்டை. ஆண்டுக்கணக்கில் அதே எட்டுப் பாட்டுகளை அதே உற்சாகத்தோடு வாசிப்பது கலைஞனைத் தேய்த்துவிடும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு குழு இளைத்துப்போவதற்கு இவ்வளவு போதும்.

மதர்ஜேனின் முடிச்சு இன்னும் வெளிப்படையாக அவிழ்ந்தது. அவியல் ஆல்பம் வந்த அதே 2008-இல் அந்தக் குழுவின் ‘மக்தூப்’ ஆல்பம் வெளியாகி நாடெங்கும் பாராட்டுப் பெற்றது. 2010-இல் பைஜு தர்மஜன் விலகினார். பாடகர் சூரஜ் மணியும் பிறகு தன் வழியில் போனார். பெயர் புதிய பாடகரோடு தொடர்ந்தது. ஆனால் அந்தக் குரலும் அந்தக் கிட்டாரும் எதிரெதிரே நின்று உரசிய உரசல் திரும்பவில்லை.

மூன்றாவது தலைமுறை பாடம் கற்றுக்கொண்டது. 2013-இல் மாத்ருபூமியின் கப்பா டிவி ‘மியூசிக் மோஜோ’ நிகழ்ச்சியை நடத்தியது. அதன் வழியே கொச்சியின் தைக்குடம் பிரிட்ஜ் உலகெங்கும் மலையாளிகளிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு டஜனுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள், பல பாடகர்கள். ஒருவர் போனாலும் குழு நிற்கும். சினிமாவில் தனியாக வேலை செய்துவிட்டு மேடைக்குத் திரும்பிவரவும் அதில் இடமிருந்தது. அதன் வயலின் கலைஞர் கோவிந்த் வசந்தாவைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2018-இல் ‘96’ படத்தின் இசை நம் ஊரில் எத்தனை பேரை இரவில் தூங்கவிடாமல் செய்தது! அதைத் தந்தவர் ஒரு கேரள ராக் குழுவின் மேடையிலிருந்து வந்தவர்.

தைக்குடம் பிரிட்ஜே 2022-இல் இன்னொரு விஷயத்தையும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. கன்னடப் படம் ‘காந்தாரா’வின் ‘வராஹ ரூபம்’ பாட்டு தங்கள் ‘நவரசம்’ பாட்டை ஒத்திருக்கிறது என்று வழக்குத் தொடுத்தது. கோழிக்கோடு நீதிமன்றம் அந்தப் பாட்டைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் சட்ட நடவடிக்கைகள் வேறு திசைகளில் போயின, பாட்டும் படத்துக்குத் திரும்பியது. ஆனால் சினிமாவின் முன் ஒரு குழு தன் பெயரில் நின்று ‘இது எங்களுடையது’ என்று சொன்னதே எனக்குப் பெரிதாகப்படுகிறது. சினிமாவுக்குள் கரைந்துபோன குழுக்களால் அப்படிக் கேட்க முடியாது. கேட்பதற்குச் சேர்ந்து நிற்கும் ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கரைவு இன்னும் வேகமாக நடந்தது. ஏ.ஆர். ரஹ்மான், சிவமணி, ஜான் ஆண்டனி முதலானோர் எண்பதுகளில் சேர்ந்து வாசித்த ரூட்ஸ் குழு, தன் பெயரில் ஆல்பம் போட்டுத் தமிழ் ராக் என்று ஒன்றை நிறுவுவதற்கு முன்பே அதன் திறமைகள் ஒலிப்பதிவுக்கூடங்களுக்குள் போய்விட்டன. மாணவப் பருவத்தில் ஜிங்க்ஸ் குழுவில் இருந்த அனிருத்தும் அப்படியே. நமக்குக் கிடைத்த திரையிசை வளமானது, அதில் ஐயமில்லை. ஆனால் அவியலின் எட்டுப் பாட்டுகளுக்கு இணையாக, சினிமா தொடும் முன் ஒரு குழு தன் மொழியில் பதிந்துவைத்த தட்டு என்று எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ சுட்டிக்காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? அந்த வேலை பிந்திய தலைமுறைக்கு விழுந்தது. இசைக்கலைஞர்கள் கபேர் வாசுகியும் டென்மாவும் இருந்த குரங்கன் குழு சென்னைத் தெருவின் தமிழில் ராக் பாடியது. அது நிலைக்கவில்லை. ஆனால் டென்மா 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு சேர்ந்து தி காஸ்ட்லெஸ் கலெக்டிவை மேடையேற்றினார். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்தக் குழுவின் பெயரே அயோத்திதாச பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற எண்ணத்திலிருந்து வந்தது. ஒரு குழு கலைந்து இன்னொரு குழுவாக மறுபிறப்பு எடுத்தது. இம்முறை சினிமாவுக்குள் போகாமல், அரசியலுக்குள் போயிற்று. அவியல் நாராயண குருவிடம் தேடிப் போனதும் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அயோத்திதாசரிடம் போனதும் என் கண்ணுக்கு ஒரே பாதையின் இரண்டு கட்டங்கள்.

நாராயண குருவின் பாட்டுக்கு ராக் மட்டுமே மறுவாழ்வு தரவில்லை. 2020 ஜனவரியில் திருச்சூரில் ஆயிரக்கணக்கான மோகினியாட்டக் கலைஞர்கள் குண்டலினிப் பாட்டுக்கு ஒரே நேரத்தில் ஆடினார்கள். அங்கே அது வழிபாடு. கல்லூரி மைதானத்தில் இரவு ஒன்பது மணிக்கு, இடுப்பில் கிட்டாரோடு நிற்கும் ஒருவர் அதைப் பாடும்போது அது வேறு ஏதோ ஒன்று. இரண்டில் எது குருவுக்கு நெருக்கமானது என்று தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. கோயிலில் கண்ணாடி வைத்து வணங்கச் சொன்னவர் இரண்டையும் ஏற்றிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று அவியலைத் தேடினால் இணையத்தில் எட்டுப் பாட்டுகளும் கிடைக்கின்றன. கலைஞர் என்ற இடத்தில் குழுவின் பெயர் மட்டும் இருக்கும். எந்தப் பாட்டில் யார் வாசித்தார், சொல் யாருடையது, எங்கே பதிந்தார்கள் என்பதெல்லாம் சி.டி. உறைக்குள்ளிருந்த தாளோடு நின்றுவிட்டன. கேரளத்தின் சங்கீத நாடக அகாடமியும் பல்கலைக்கழகங்களும் தெய்யம் பாட்டையும் வடக்கன் பாட்டையும் தொகுக்கக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது இந்த மேடைகளுக்கும் காட்ட வேண்டும். சீலார்ட் ஹோட்டலின் இரவுகளில் தொடங்கி திருவனந்தபுரத்தின் பயிற்சி அறைகள் வரை வாசித்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உட்காரவைத்துக் கேட்டால் சொல்வார்கள். சென்னைக்கும் இதே வேலை காத்திருக்கிறது, ரூட்ஸிலிருந்து தொடங்கி.